நிலக்கரிச் சுரங்கக் கழிவுநீர், நச்சுச் சோதனை, பர்மிட்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியில், வெஸ்ட் வர்ஜீனியாவில், ஒரு நீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சுரங்கத்திலிருந்து வரும் தண்ணீரில் சின்னஞ்சிறு உயிர்களை விட்டு, அவை பிழைக்கின்றனவா, குஞ்சு பொரிக்கின்றனவா என்று தினமும் எண்ணுவதுதான் வேலை. ஊரிலிருந்து சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க வரும் பிள்ளைகளும், புதிதாக இந்தத் துறைக்குள் வருபவர்களும், ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலை எழுதி வைக்கிறேன். இதில் சொல்வதெல்லாம் அமெரிக்கச் சட்டம். நம் ஊர் பற்றிய ஒரு கேள்வி கடைசிக்கு முன்னால் வரும்.

கரியைத் தோண்டுறதுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? கழிவுநீர் எங்கிருந்து வருது?

மூன்று வழியில் வருகிறது. நிலத்தடிச் சுரங்கத்துக்குள் ஊறும் நீரை இறைத்து வெளியே விட வேண்டும், இல்லையென்றால் சுரங்கம் மூழ்கிவிடும். மேலே திறந்து தோண்டும் சுரங்கத்தில், உடைத்துப் போட்ட பாறையின் மேல் மழை விழுந்து அதன் வழியே வடிந்து வருகிறது. மூன்றாவது, கரியைக் கழுவும் ஆலையின் நீர்.

பாறை உடையாமல் இருக்கும்வரை பெரிய பிரச்சினை இல்லை. உடைத்தவுடன் அதுவரை காற்றே படாத பரப்புகள் காற்றையும் நீரையும் சந்திக்கின்றன. பைரைட் என்ற இரும்புச் சல்ஃபைடு கந்தக அமிலமாக மாறுகிறது, இரும்பு கரைந்து ஓடையில் ஆரஞ்சு நிறத்தில் படிகிறது. அதே இடத்தில் சுண்ணாம்புப் பாறையும் இருந்தால் அமிலம் அடங்கிவிடும். ஆனால் அடங்கும்போது கால்சியம், மெக்னீசியம், சல்ஃபேட், பைகார்பனேட் எல்லாம் நீரில் கரைந்து சேர்கின்றன. பார்க்கக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் உப்பு ஏறிய தண்ணீர். இந்தத் தெளிவான தண்ணீரைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசப்போகிறேன்.

பர்மிட்டை யார் குடுக்கறாங்க? ஒரே பர்மிட்தானா?

1972-இன் தூய நீர்ச் சட்டப்படி, குழாய், வாய்க்கால், குளத்தின் வடிகால் என்று அடையாளம் காட்டக்கூடிய ஓர் இடத்திலிருந்து நீர்நிலைக்குள் மாசு விட வேண்டுமென்றால், அந்தச் சட்டத்தின் 402-ஆம் பிரிவின்படி பர்மிட் வேண்டும். என்.பி.டி.இ.எஸ். பர்மிட் என்பார்கள். இ.பி.ஏ. எனப்படும் மத்திய சுற்றுச்சூழல் முகமை இந்த அதிகாரத்தைப் பெரும்பாலான மாநிலங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு 1982-இல் கிடைத்தது. பர்மிட்டின் ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு. ஆனால் உரிய காலத்தில் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால், புதியது வரும்வரை பழையதே செல்லும். அதனால் தேதி முடிந்த பர்மிட்டைப் பார்த்து சட்டவிரோதம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒரு சுரங்கத்துக்கு இது ஒன்று மட்டும் போதாது. தோண்டுவதற்கும் நிலத்தைச் சீரமைப்பதற்கும் 1977-இன் மேற்பரப்புச் சுரங்கச் சட்டப்படி தனி அனுமதி. பாறையைப் பள்ளத்தாக்கில் கொட்டி ஓடையின் தலைப்பகுதியை மூடுவதற்கு 404-ஆம் பிரிவின்படி ராணுவப் பொறியியல் பிரிவிடம் இன்னொன்று. மூன்றையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே நான் பேசுவது 402 பர்மிட் பற்றி.

பர்மிட்டுக்குள்ள என்ன எண்கள் இருக்கும்?

நிலக்கரித் துறை முழுவதற்கும் பொதுவான வரம்புகள் மத்திய ஒழுங்குமுறை விதித்தொகுப்பின் 40-ஆம் தலைப்பு, 434-ஆம் பகுதியில் இருக்கின்றன. அமிலச் சுரங்க நீருக்கு, பழைய சுரங்கமென்றால், இரும்பு ஒரு நாளில் லிட்டருக்கு 7 மி.கி.க்கு மேல் கூடாது, 30 நாள் சராசரி 3.5. மாங்கனீசு 4-ம் 2-ம். மிதக்கும் திடப்பொருள் 70-ம் 35-ம். பிஎச் 6-லிருந்து 9-க்குள். காரத்தன்மையுள்ள நீருக்கு மாங்கனீசு வரம்பு கிடையாது, மற்றவை அதேதான். புதிய சுரங்கங்களுக்கு இரும்பு 6-ம் 3-ம்.

பட்டியல் அவ்வளவுதான். சல்ஃபேட் இல்லை, மொத்த உப்பு இல்லை, செலினியம் என்ற தனிமம் இல்லை. இது அன்றைய சுத்திகரிப்பு முறைகளால் எவ்வளவு முடியும் என்று பார்த்து வகுத்த தொழில்நுட்ப வரம்பு. ஓடைக்கு எவ்வளவு தாங்கும் என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் இரண்டாவது அடுக்கு இருக்கிறது: ஒரு வெளியேற்றம் மாநிலத்தின் நீர்த்தர விதியை மீற நியாயமான வாய்ப்பு இருந்தால், அதைத் தடுக்கும் வரம்பை பர்மிட் எழுதுபவர் சேர்த்தே ஆக வேண்டும். நடக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது அடுக்கைச் சுற்றித்தான்.

பெரிய மழை பெஞ்சா வரம்பு கிடையாதுன்னு சொல்றாங்களே, நெசமா?

பாதி நிஜம். 24 மணி நேரத்தில் பெய்யும் மழையில், 10 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அளவு என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கணக்கு உண்டு. அதற்குட்பட்ட மழையால் வரும் வெளியேற்றத்துக்குப் பல இடங்களில் திடப்பொருள், இரும்பு வரம்புக்குப் பதிலாக, அடியில் படியும் வண்டல் லிட்டருக்கு அரை மில்லிலிட்டர் என்ற மாற்று வரம்பு. அதையும் தாண்டிய மழையென்றால் பிஎச் மட்டும். மழையால்தான் இப்படி ஆனது என்று நிரூபிக்கும் பொறுப்பு சுரங்கக்காரருடையது. இந்தச் சலுகை முந்தைய பதிலில் சொன்ன முதல் அடுக்குக்கான சலுகை என்பதை மறக்க வேண்டாம்.

அதான் இத்தனை எண் இருக்கே, அப்புறம் எதுக்கு உயிரை விட்டு வேற சோதிக்கணும்?

வேதிப் பரிசோதனை நீங்கள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். இரும்பு எவ்வளவு என்று கேட்டால் இரும்பைச் சொல்லும். கேட்காத பொருளைச் சொல்லாது. ஐந்து பொருள் சேர்ந்து என்ன செய்யும் என்பதையும் சொல்லாது. தனித்தனியாக வரம்புக்குள் இருக்கும் நான்கு உப்புகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பூச்சியைக் கொல்லலாம். உயிர் எல்லாவற்றையும் சேர்த்து அனுபவிக்கிறது. அதனால்தான் முழுக் கழிவுநீர் நச்சுத்தன்மைச் சோதனை என்று பெயர்.

சட்டத்தின் அடிப்படையும் இதுதான். நச்சுப் பொருள்களை நச்சளவில் வெளியேற்றக்கூடாது என்பது தூய நீர்ச் சட்டம் தொடக்கத்திலேயே சொல்லும் தேசியக் கொள்கை. இந்த உயிர்ச்சோதனை முறைகளை இ.பி.ஏ. 1995-இல் அதிகாரபூர்வமாக ஏற்றது, 2002-இல் திருத்தியது. நம்பத்தகுந்தவை அல்ல என்று தொழில்துறை தொடுத்த வழக்கில், 2004-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் முறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

எந்த உயிரை விடுவீங்க? எப்படித்தான் பண்றீங்க, கொஞ்சம் விவரமா சொல்லுங்க அக்கா.

நன்னீருக்குப் பொதுவாக இரண்டு. ஒன்று செரியோடாஃப்னியா டூபியா, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள நீர்த்தெள்ளு. இன்னொன்று ஃபேட்ஹெட் மின்னோ என்ற கெண்டை வகைச் சின்ன மீனின் குஞ்சு. நீர்த்தெள்ளில் ஆண் துணை இல்லாமலே பெண் குஞ்சு போடும், எல்லாம் தாயின் நகல். அதனால் ஒரே மாதிரியான நூறு உயிர்களை வளர்த்தெடுப்பது எளிது.

சோதனை இரண்டு வகை. சில நாளில் சாகிறதா என்று மட்டும் பார்ப்பது உடனடி நச்சுச் சோதனை. இனப்பெருக்கத்தையும் வளர்ச்சியையும் சேர்த்துப் பார்ப்பது நாள்பட்ட சோதனை. நாள்பட்ட சோதனை இப்படி நடக்கும். பிறந்து 24 மணி நேரம் ஆகாத, ஒன்றுக்கொன்று 8 மணி நேர இடைவெளிக்குள் பிறந்த குஞ்சுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். சுரங்க நீரை முழுதாக ஒன்று, பாதி, கால், அரைக்கால், அதிலும் பாதி என்று ஐந்து அளவில் கலக்குகிறோம். ஒவ்வோர் அளவுக்கும் 10 குப்பி, ஒரு குப்பியில் 15 மில்லிலிட்டர், அதில் ஒரே ஒரு நீர்த்தெள்ளு. சுத்த நீரில் இன்னொரு 10, ஒப்பிட்டுப் பார்க்க. வெப்பம் 25 டிகிரி, வெளிச்சம் 16 மணி நேரம். உணவு ஈஸ்ட்டும் காய்ந்த புல்பொடியும் மீன்தீவனமும் சேர்ந்த கரைசல், கூடவே பச்சைப் பாசி. தினமும் தாயைக் குழாயால் உறிஞ்சிப் புதுத் தண்ணீருக்கு மாற்றி, போட்ட குஞ்சுகளை எண்ண வேண்டும். ஒரு குமிழி உள்ளே மாட்டினாலும் அது மிதந்து செத்துவிடும், அதனால் கை நடுங்கக்கூடாது. மூன்று ஈற்று முடியும்வரை, ஏறக்குறைய 7 நாள். ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. பொங்கலன்றும் எண்ணியிருக்கிறேன்.

சுத்த நீரில் இருப்பவை குறைந்தது 80 சதவீதம் பிழைத்து, ஒவ்வொன்றும் சராசரியாக 15 குஞ்சாவது போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சோதனையே செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மீனுக்கு உயிர் பிழைப்பும், 7 நாளில் கூடிய எடையும் கணக்கு. மாதிரித் தண்ணீரையும் எடுத்த 36 மணி நேரத்துக்குள் பயன்படுத்தத் தொடங்கிவிட வேண்டும், அதுவரை ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். மலைச்சாலையில் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வருபவரிடம் ஐஸ் உருகியிருந்தால் மனசு கஷ்டமாக இருந்தாலும் திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.

எல்.சி.50, ஐ.சி.25, டி.யூ.ன்னு ரிப்போர்ட்ல இருக்கு, ஒண்ணும் புரியல.

எல்.சி.50 என்றால் பாதி உயிர்களைக் கொல்லும் கலப்பளவு. 48 அல்லது 96 மணி நேரச் சோதனையில் பார்ப்பது. ஐ.சி.25 என்றால் இனப்பெருக்கமோ வளர்ச்சியோ கால்வாசி குறையும் கலப்பளவு. இரண்டிலும் எண் சிறிதாக இருந்தால் நச்சு அதிகம், ஏனென்றால் கொஞ்சம் கலந்தாலே போதுமென்று ஆகிறது.

இது தலைகீழாக இருக்கிறதே என்றுதான் நச்சு அலகு, அதாவது டி.யூ., வந்தது. 100-ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்தால் கிடைப்பது. ஐ.சி.25 நாற்பது சதவீதம் என்றால் 100-ஐ 40-ஆல் வகுத்து 2.5 நச்சு அலகு. இதில் எண் ஏற ஏற நச்சு அதிகம். இ.பி.ஏ. 1991-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஓடையில் நாள்பட்ட நச்சு 1.0 அலகைத் தாண்டக்கூடாது, உடனடி நச்சு 0.3-ஐத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது.

ஓடையில கலந்தா நீர்த்துப் போயிடுமே, அப்புறம் ஏன் முழுத் தண்ணியிலயே பாஸாகணும்?

பெரிய ஆற்றில் விட்டால் நீங்கள் சொல்வது சரி. கலக்கும் பகுதி என்று ஒன்றை அனுமதித்து வரம்பைத் தளர்த்த இடமுண்டு. 10 ஆண்டில் ஒருமுறை வரும் மிகக் குறைந்த 7 நாள் சராசரி ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, அதில் எவ்வளவு நீர்க்கும் என்று கணக்குப் போடுவார்கள்.

ஆனால் அப்பலாச்சியாவின் சுரங்கங்கள் மலைமுகட்டில் இருக்கின்றன. கீழே இருப்பது தாண்டிக் குதிக்கக்கூடிய ஓடை. கோடையில் அதன் இயல்பான ஓட்டம் பூஜ்யம். அப்போது அந்த ஓடையில் ஓடுவதே சுரங்க நீர்தான், நீர்க்க வைக்க வேறு தண்ணீர் கிடையாது. அதனால் குழாய் வாயிலேயே 1.0 அலகு என்று வைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு தடவை ஃபெயில் ஆனா உடனே அபராதமா?

பர்மிட் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதில் நச்சு அலகு வரம்பாகவே இருந்தால் தாண்டியது மீறல்தான். வெறும் கண்காணிப்பாக இருந்தால், அடிக்கடி சோதிக்கச் சொல்வார்கள், தொடர்ந்து தோற்றால் காரணம் கண்டுபிடித்துக் குறைக்கும் திட்டம் கேட்பார்கள். முதல் பக்கத்தை மட்டும் படிக்காமல் சிறப்பு நிபந்தனைகள் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள்.

காரணம் கண்டுபிடிப்பது துப்பறியும் வேலை. தண்ணீரைப் பல பங்காகப் பிரித்து, ஒன்றில் பிஎச்சை மாற்றி, ஒன்றில் காற்றூட்டி, ஒன்றில் உலோகத்தைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்து, எதில் நச்சு மறைகிறது என்று பார்ப்போம். எல்லாம் செய்தும் மறையவில்லையென்றால் பெரும்பாலும் உப்புதான். சில சமயம் குற்றவாளி சுத்திகரிப்பே. அமிலத்தை அடக்கச் சேர்த்த அம்மோனியா மீனுக்கு விஷம், வண்டலைத் திரட்டச் சேர்க்கும் சில பாலிமர்கள் அளவு மீறினால் நீர்த்தெள்ளைக் கொல்லும். வண்டல் குளத்துத் தண்ணீர் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று கூடுதலாக ஊற்றியவர் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் உயிருக்கு அது தெரியாது.

டெஸ்ட் பாஸ்னா ஓடை நல்லா இருக்குன்னு அர்த்தம்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அப்பலாச்சிய ஓடைகளில் கல்லைப் புரட்டினால் அடியில் மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிறகு முளைத்துப் பறந்தபின் ஓரிரு நாள்தான் வாழும், ஆனால் அதற்கு முன் மாதக்கணக்காக நீருக்கடியில் வளரும். மீனுக்கும் பல்லி போன்ற சாலமாண்டருக்கும் இவைதான் சாப்பாடு. இந்த ஓடைகளின் தண்ணீர் இயல்பிலேயே உப்பு மிகக் குறைந்தது, அதற்குப் பழகிய உயிர்கள் இவை. மலைமுகடு வெட்டும் சுரங்கங்களுக்குக் கீழே உள்ள ஓடைகளை ஆராய்ந்து இ.பி.ஏ. ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் காணாமல் போயிருந்தது மேஃப்ளைதான். என் குப்பியில் இருக்கும் நீர்த்தெள்ளு இந்த வகை உப்பை மேஃப்ளையைவிடப் பலமடங்கு தாங்கும். 7 நாள் சோதனை, ஓடையில் கழியும் மாதங்களையும் காட்டாது.

அதனால் பாஸ் என்று நான் கையெழுத்துப் போடும் காகிதத்துக்கு ஒரே பொருள்: இந்தத் தண்ணீர், இந்த வாரம், இந்த நீர்த்தெள்ளையோ மீன்குஞ்சையோ பாதிக்கவில்லை. கல்லுக்கடியில் யார் இருக்கிறார்கள் என்பதை ஓடைக்குப் போய்க் கல்லைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும். சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபெயில் என்று வந்தால் அது மிக வலுவான சாட்சி. பாஸ் என்பதற்கு அந்த வலு கிடையாது, அவ்வளவுதான்.

மின்கடத்துதிறன் 300-ஐ தாண்டக்கூடாதுன்னு சட்டம் இருக்காமே?

நீரில் உப்பு கூடக் கூட மின்சாரம் எளிதாகப் பாயும், அந்த அளவுதான் மின்கடத்துதிறன். 2011-இல் இ.பி.ஏ. மத்திய அப்பலாச்சியாவின் ஓடைத் தரவுகளை வைத்து, எந்த அளவில் நீர்ப்பூச்சிப் பேரினங்களில் 5 சதவீதம் மறைந்துபோகும் என்று கணக்கிட்டது. சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமன்ஸ் என்று வந்தது. இது ஓர் அறிவியல் அளவுகோல், சட்ட வரம்பு அல்ல. பர்மிட்டில் இதைக் கணக்கில் கொள்ளுங்கள் என்று அதே ஆண்டு இ.பி.ஏ. தந்த வழிகாட்டுதலை 2012-இல் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது. 2014-இல் மேல்முறையீட்டில், இது வெறும் வழிகாட்டுதல், யாரையும் கட்டுப்படுத்தாது, எனவே இப்போது எதிர்த்து வழக்குப் போட முடியாது என்று சொல்லி அந்த ரத்தை நீக்கினார்கள்.

எண் சட்டமாகாவிட்டாலும் அதன் பின்னாலிருந்த அறிவியல் நீதிமன்றத்தில் நின்றது. வெஸ்ட் வர்ஜீனியாவின் ஸ்டில்ஹவுஸ் பிராஞ்ச் ஓடை தொடர்பாக ஃபோலா நிலக்கரி நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், பர்மிட்டில் மின்கடத்துதிறனுக்கு எண் இல்லை. ஆனால் வெளியேற்றம் நீர்த்தர விதியை மீறக்கூடாது என்ற பொது நிபந்தனை அந்த பர்மிட்டுக்குள் அடங்கியிருந்தது. உப்பேறிய நீர் ஓடையின் பூச்சிகளை அழித்தது அந்த நிபந்தனையின் மீறல் என்ற தீர்ப்பை 2017 ஜனவரியில் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

செலினியம் செலினியம்னு சொல்றாங்களே, அதுவும் உங்க டெஸ்ட்ல தெரியுமா?

தெரியாது. செலினியம் தண்ணீர் வழியாகக் கொல்வது குறைவு, உணவு வழியாகத்தான் ஏறுகிறது. பாசியிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து மீனுக்கு, தாய்மீனிலிருந்து முட்டைக்கு. தாய் நன்றாகவே நீந்திக்கொண்டிருக்கும், குஞ்சு முதுகு வளைந்து பிறக்கும். வெஸ்ட் வர்ஜீனியாவின் மட் ஆற்று நீர்த்தேக்கத்தில், மேலே இருந்த பெரிய சுரங்கத்தின் காரணமாக, இப்படி உருக்குலைந்த மீன்குஞ்சுகளை ஆய்வாளர்கள் படமெடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதனால்தான் இ.பி.ஏ. 2016-இல் செலினியம் அளவுகோலை மீனின் உடலிலிருந்தே தொடங்கியது. முட்டை அல்லது சினைப்பையில் உலர் எடையில் கிலோவுக்கு 15.1 மி.கி. என்பது முதல் அளவுகோல். நீருக்கென்று பார்த்தால் ஓடும் நீரில் லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம், தேங்கிய நீரில் 1.5. தேங்கிய நீருக்கு ஏன் பாதி என்று கேட்பார்கள். அங்கே உணவுச் சங்கிலியில் அது வேகமாக ஏறுகிறது, அதனால்தான்.

பர்மிட்ல பேரே போடாத நச்சை விட்டா அது குத்தமா இல்லையா?

நீங்கள் கேட்பது பர்மிட் கேடயம் என்று வழக்கறிஞர்கள் சொல்வது. விண்ணப்பத்தில் உண்மையைச் சொல்லி, அதிகாரி அதைத் தெரிந்துகொண்டு வரம்பு வைக்காமல் விட்டிருந்தால், பிறகு அதற்காக உங்களைத் தண்டிக்க முடியாது. சொல்லாமல் விட்டிருந்தால் கேடயம் கிடையாது.

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் செலினியம். வர்ஜீனியாவில் ஏ அண்ட் ஜி நிலக்கரி நிறுவனம் தன் தனி பர்மிட்டுக்கான விண்ணப்பத்தில் செலினியம் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 2014-இல் நான்காம் வட்டார நீதிமன்றம் கேடயம் இல்லை என்றது. கென்டக்கியில் ஐ.சி.ஜி. ஹேசர்ட் நிறுவனம் இருந்தது பல சுரங்கங்களுக்கும் பொதுவாகக் கொடுத்த பர்மிட்டின் கீழ். அந்தப் பகுதிச் சுரங்கங்களில் செலினியம் வரலாம் என்று மாநில அதிகாரிகளுக்கு முன்பே தெரியும் என்பதால் 2015-இல் ஆறாம் வட்டார நீதிமன்றம் கேடயம் உண்டு என்றது. பொது பர்மிட்டுகள் எழுதப்படும்போதே பொதுமக்கள் கருத்துச் சொல்வது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து புரியும். பின்னால் வருந்திப் பயனில்லை.

கம்பெனிக்காரங்களே சாம்பிள் எடுத்து, அவங்களே ரிப்போர்ட் குடுக்கறாங்க. எப்படி நம்பறது?

முறையே அப்படித்தான். சுரங்கம்தான் மாதிரி எடுத்து, சான்றுபெற்ற ஆய்வகத்தில் சோதித்து, முடிவை அரசுக்கு அனுப்ப வேண்டும். கீழே கையெழுத்துப் போடுபவர் பொய்யென்றால் சிறை செல்லவும் ஒப்புக்கொண்டுதான் போடுகிறார். பெரும்பாலானவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்கள், நான் அவர்களோடு வேலை செய்கிறேன்.

தப்பு நடந்ததும் உண்டு. 2010-இல் கென்டக்கியில் இரண்டு நிலக்கரி நிறுவனங்களின் அறிக்கைகளைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் வரிவரியாகப் படித்தபோது, ஒரு மாதத்தின் எண்கள் அப்படியே இன்னொரு மாதத்திலும் இருந்தன. அது பெரிய வழக்கானது. 2014-இல் வெஸ்ட் வர்ஜீனியாவின் பெக்லியில் ஓர் ஆய்வகத்தின் களப்பணியாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மாதிரியைச் சுத்த நீரால் கலப்பதும், நல்ல தண்ணீர் வருமென்று தெரிந்த இடத்திலிருந்து மொண்டு வேறு இடத்தின் பெயரை ஒட்டுவதும் நடந்திருந்தது. கென்டக்கிப் பிரச்சினை வெளிவந்ததே யாரோ பொறுமையாக உட்கார்ந்து படித்ததால்தான். அறிக்கைகள் எல்லாம் பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், இ.பி.ஏ.வின் இணையதளத்திலும் பெரும்பகுதி கிடைக்கும். 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடிமக்களே வழக்குப் போடவும் தூய நீர்ச் சட்டம் இடம் தருகிறது.

மீன் செத்து மிதந்தாத்தான் நடவடிக்கை எடுப்பாங்களா?

அப்படித்தான் தோன்றும், 2009 செப்டம்பரில் டன்கார்ட் ஓடையில் நடந்ததைப் பார்த்தால். வெஸ்ட் வர்ஜீனியா, பென்சில்வேனியா எல்லையில் ஓடும் அந்த ஓடையில் ஏறக்குறைய 40 மைல் தூரத்துக்கு மீன்களும் நன்னீர்ச் சிப்பிகளும் செத்தன. நேரடியாகக் கொன்றது தங்கப்பாசி என்ற ஒரு பாசியின் நஞ்சு. அது உவர்நீரில் வளரும் பாசி. மலை ஓடையில் அது தழைக்கும் அளவுக்கு உப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது சுரங்க நீர் கண்ணுக்குத் தெரிந்தது. 2011-இல் கன்சால் நிறுவனம், ஆறு சுரங்கங்களின் குளோரைடு மீறல்களுக்காக 55 லட்சம் டாலர் அபராதமும், ஏறக்குறைய 20 கோடி டாலர் செலவில் சுத்திகரிப்பு வசதியும் என்று அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

சிப்பிகள் திரும்பி வர மீனைவிட நெடுங்காலம் ஆகும், அவை நீந்தி வர முடியாதவை.

நம்ம ஊர்ல, நெய்வேலி மாதிரி இடத்துல, இந்த டெஸ்ட் இருக்கா?

இந்தியாவில் 1974-இன் நீர்ச் சட்டப்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும், பர்மிட்டுக்கு இணையானது அதுதான். நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று 2000-இல் அறிவித்த தரத்தில் பிஎச் 5.5 முதல் 9, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மி.கி., எண்ணெய்ப் பசை 10 போன்றவை இருக்கின்றன. பொதுவான வெளியேற்றத் தரத்தில் மீன்சோதனையும் உண்டு: நீர்க்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன் உயிரோடு இருக்க வேண்டும். மேலே சொன்ன பாகுபாட்டில் இது உடனடி நச்சுச் சோதனை. குஞ்சு போடுவது, வளர்ச்சி எல்லாம் இதில் வராது.

நெய்வேலியின் நிலைமையே வேறு. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது, அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் தோண்ட முடியும். அப்பலாச்சியாவின் எண்களை அப்படியே அங்கே ஒட்டிப் பேசாதீர்கள். 300 என்பது அந்த மலை ஓடைகளின் பூச்சிகளை வைத்துக் கண்ட எண். நம் ஊர் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் எது பொருந்தும் என்பதை அந்த நீரில் வாழும் உயிர்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைப் படிக்கும் மாணவர் யாராவது ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை எடுங்கள்.

சுரங்கத்தை மூடி, கம்பெனியும் திவாலாயிடுச்சு. இப்ப அந்தத் தண்ணிக்கு யார் பொறுப்பு?

பாறை உடைந்தது உடைந்ததுதான், கம்பெனி போனபிறகும் மழை பெய்கிறது. தொடங்கும்போதே சீரமைப்புக்காக ஒரு பிணைத்தொகை கட்டியிருப்பார்கள். கம்பெனி கைவிட்டால் மாநிலம் அந்தப் பணத்தைப் பறிமுதல் செய்து வேலையைத் தன் கையில் எடுக்கும். வெஸ்ட் வர்ஜீனியாவில் இப்படி எடுத்த இடங்களில் மாநில அரசே சுண்ணாம்பு போட்டுச் சுத்திகரித்து நீரை விட்டுக்கொண்டிருந்தது, ஆனால் பர்மிட் எடுக்கவில்லை. நாங்கள் மாசுபடுத்தவில்லையே, சுத்தம்தானே செய்கிறோம் என்பது அவர்கள் வாதம். 2010-இல் நான்காம் வட்டார நீதிமன்றம் ஏற்கவில்லை. குழாயிலிருந்து ஓடைக்கு மாசு போகிறதென்றால் குழாயை நடத்துபவர் யாராக இருந்தாலும் பர்மிட் வேண்டும் என்று தீர்ப்பு.

அதனால் இன்று அந்தக் குழாய்களுக்கும் எண் உண்டு, வரம்பு உண்டு, அறிக்கை உண்டு. விண்ணப்பதாரர் பெயர் இருக்கும் இடத்தில் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் பெயர் இருக்கும். உங்கள் ஓடைக்கு மேலே கைவிட்ட சுரங்கம் இருந்தால், அந்தப் பெயரிலும் தேடிப் பாருங்கள்.